நின்று கெட்ட வண்டி

"ஏன்டி அமிர்தம், உன் ஊட்டுக்காரரு வண்டி ஓட்டறாரா, இல்ல செங்கல் சூளை போடறாரா? துணி காயப் போட முடியல. பூரா புகை நாத்தம்."

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சொல்றேன்க்கா" என்றாள் அமிர்தம். தலையை நிமிர்த்தவில்லை.

"தெனந்தான் சொல்றேங்கிற. விடியறதுக்குள்ள ஒரு தரம், வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு தரம். கடலூர்ல வேற யாருமே மோட்டார் சைக்கிள் வச்சிருக்கலியா? அந்த மனுசன் ஒரு நாளாவது தெருப் பக்கம் தலைகாட்டறாரா? அவ்ளோ கெருவம்."

அமிர்தம் கொல்லைப் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

தலைகாட்ட அவர் இருந்தால்தானே. முந்திரிக்கொட்டை வியாபாரம், பண்ருட்டி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறின தங்கராசு, ஏழு மாசமாகத் திரும்பவில்லை. அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் என்று கேள்வி. போய்க் கேட்க அமிர்தத்துக்கு ஆளில்லை. அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது இந்த வாடகை வீடும், தவழுகிற பிள்ளையுந்தான்.

வீட்டின் சொந்தக்காரர் நடனசபாபதி சிதம்பரத்தில் இருந்தார். "ஆம்பளை இல்லாத குடித்தனத்துக்கு நான் வீடு உடறதில்ல" என்று முதல் நாளே சொன்னவர்.

அதற்காகத்தான் அந்தச் சத்தம். புருஷன் விட்டுப்போன வண்டியைக் கொல்லையில் ஸ்டாண்டு போட்டபடியே உதைத்துக் கிளப்புவாள். கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள். காலையில் அவர் போகிறார், சாயந்திரம் அவர் வருகிறார். பிள்ளைகூடச் சத்தம் கேட்டதும் கொல்லைக் கதவண்டை தவழ்ந்து போய் அண்ணாந்து பார்க்கும். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கிப் போயிற்று. அன்றைக்குப் பார்த்து, சாயந்திரம் வருவதாக நடனசபாபதியின் கடுதாசி.

ஓடிப்போய் மெக்கானிக் உத்திராபதியைக் கூட்டி வந்தாள். அவர் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"இதுக்கு எண்ணெ யாரு ஊத்தறது, தங்கச்சி?"

"அவுங்கதான்."

"என்ன பெட்ரோலு?"

"பங்க்ல இருக்கறதுலயே ஒசந்த தினுசுண்ணே."

உத்திராபதி டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"கூடவே மண்ணெண்ணெ."

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"நாள் கணக்கா வரட்டுமேன்னு ஊத்தியிருப்பாரு. இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோலே தாராளம். ஒசந்ததெல்லாம் பெரிய காருக்கு. அதை வாங்கி மண்ணெண்ணெ கலக்கறதுக்கு, சாதாவையே சுத்தமா ஊத்தச் சொல்லு. சைலன்சர் பூரா கரி அடைச்சுக் கெடக்குது பாரு."

சொல்லிக்கொண்டே மைல் காட்டும் மீட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு முன்சக்கரத்தைப் பார்த்தார். அருகம்புல் முளைத்துக் கம்பிகளுக்குள் ஏறியிருந்தது.

"வண்டி ஓடிக் கெடல, தங்கச்சி" என்றார் மெதுவாக. "நின்னு கெட்டிருக்குது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

"கடைக்குத் தள்ளிட்டுப் போயி இஞ்சினப் பிரிச்சுக் கரி சொரண்டணும். ஞாயித்துக்கெழம ஆயிடும்."

"இன்னிக்கு சாயந்திரம் சத்தம் மட்டும் வந்தாப் போதும்ண்ணே."

"வெறும் சத்தம் மட்டும் எப்படிம்மா வரும்?"

உத்திராபதி வண்டியைத் தெருவழியே தள்ளிக்கொண்டு போனார். கொளஞ்சியம்மாள் தன் வாசலில் இடுப்பில் கை வைத்தபடி, அவர் முக்குத் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நடனசபாபதி வந்தார்.

"எங்க தங்கராசு?"

"அவுங்க..."

"எப்ப வந்தாலும் ஆளு இல்ல. ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. நெசத்தச் சொல்லு. உன் புருஷன் இங்க இருக்கானா, இல்லியா?"

அமிர்தம் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கொளஞ்சியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். தீர்ந்தது என்று அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தத் தங்கராச நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க. இப்பதான் வந்தாரு, வந்த சூட்டோட வண்டியக் கெளப்பிக்கிட்டுப் போறாரு. உங்க எதிரத்தான் வந்திருக்கணும். விடிகாலையிலயும் இதே சத்தம். எங்களுக்கெல்லாம் காது செவிடாயிடும் போல இருக்குது."

நடனசபாபதி கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வண்டியைக் காணோம்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதாம். வந்தா சொல்லி வையி" என்று அமிர்தத்திடம் சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினார்.

அவர் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா..."

"வண்டி எப்ப வருது?"

"ஞாயித்துக்கெழம."

"வரட்டும். ராவுக்கு எம் பொண்ணு பொன்னி வந்து ஒங்கூடப் படுத்துக்குவா. வண்டிச் சத்தமாவது கால் மணி நேரத்துல நின்னுடும். நீ அழுவறதுதான் ஏழு மாசமா எங்க ஊட்டுல யாரையும் தூங்க உடல."