சகாயத்தின் சட்டை

வாளியை நீட்டினான்.

ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்திருந்தால்கூடத் தேவலை. பாய்வதற்காவது அது பக்கத்தில் வர வேண்டுமே.

குவைத்துப் பாலைவனத்தின் இந்தப் பட்டியில் சாஹீனைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் அவன். அவன் குரல் கேட்டால் போதும், அத்தனை ஒட்டகத்துக்கு நடுவிலிருந்தும் அது தலையைத் தூக்கும். இப்போது கஞ்சி குடிப்பதோ சகாயத்தின் கையில். நேற்று வந்தவன். தூத்துக்குடியில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தவன். ஒட்டகம் கிட்டே வந்தால் வேலிக்கு வெளியே ஓடியவன்.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது.

இணை சேரும் காலத்து வெறியில் இன்னொரு ஆண் ஒட்டகத்தோடு கடித்துக்கொண்டதில்தான் சாஹீனின் கீழ்த்தாடை உடைந்தது. டாக்டர் வந்தார். இது யார் பேச்சைக் கேட்கும் என்று விசாரித்தார். அவன் பெருமையாக முன்னால் போய் நின்றான்.

தலையை மடியில் அமுக்கிப் பிடித்தான். டாக்டர் பல்லிடுக்குகளில் கம்பி கோத்து முறுக்கினார். கழுத்தில் ரத்தம் எடுத்து, மிஷினில் சுற்றி, தெளிந்ததை உடைந்த இடத்தில் ஊசியால் ஏற்றினார். எலும்பு சீக்கிரம் கூடுமாம். மயக்க மருந்தையும் மீறி அது முனகியது. கண் மட்டும் அவனையே பார்த்தது.

முறுக்கியவரை மறந்துவிட்டது. பிடித்தவனை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வாளியோடு போனவன் சகாயம். நல்ல பெயர் அவனுக்கு.

இன்று சகாயத்துக்குக் காய்ச்சல். கட்டிலில் சுருண்டு கிடந்தான்.

"அண்ணே, என்னால எந்திரிக்க முடியல. நீங்களே ஊத்திருங்க. உங்க புள்ளதான அது."

கடைசி வார்த்தைக்காகவே அவனை அறைந்திருக்கலாம்.

காலையிலிருந்து சாஹீனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கஞ்சி இறங்காவிட்டால் எதை ஏற்றினாலும் எலும்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

பட்டிக்காரர்கள் செய்வதை அவனும் செய்து பார்த்தான். ஒட்டகம் வன்மம் வைத்தால் வேர்வைச் சட்டையைக் கழற்றி அதன் முன்னால் போடுவார்கள். மிதித்துக் கிழித்து ஆத்திரம் தீர்ந்ததும் ஆளைச் சேர்த்துக்கொள்ளும் என்பார்கள்.

கழற்றிப் போட்டான்.

சாஹீன் மோந்து பார்த்தது. மிதிக்கவில்லை. தாண்டிப் போய் நிழலில் படுத்துக்கொண்டது.

அறை வாசலில், ஆணியில், சகாயத்தின் சட்டை தொங்கியது. துவைக்காதது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டான். தோளில் இறுக்கியது. அந்த வேர்வை நாற்றம் குமட்டியது.

வாளியோடு போனான்.

ஒட்டகம் எழுந்தது. கழுத்தை நீட்டிக் காலரை மோந்தது. கம்பி கட்டிய வாயை வாளிக்குள் விட்டு உறிஞ்சத் தொடங்கியது.

சாஹீன், என் தங்கமே என்று தொண்டைவரை வந்துவிட்டது.

அவன் குரல் அதற்குத் தெரியும்.

வாளி காலியாகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.