மழை பார்த்துக் குறித்த நாள்

"குடை வேண்டாம்" என்று தட்டிவிட்டு, கொட்டுகிற மழையில் வெறுந்தலையோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார் வக்கீல்.

வேலியோரம் கூடியிருந்த ஊர் வாயைப் பிளந்தது. "குண்டுக்கு நெஞ்சைக் காட்ட வந்தவரு, மழைக்குத் தலையைக் காட்ட யோசிப்பாரா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

வக்கீல் யோசித்ததெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அன்று நகர மன்றக் கூட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து, "எங்க அத்தானுக்கு வீரமெல்லாம் வாயோட சரி" என்று சொல்ல, சபை விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் வேறு யாருமில்லை, வக்கீல் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

சிரிப்பு அடங்குவதற்குள், "துப்பாக்கியோட மைதானத்துக்கு வாடா" என்று வக்கீல் கூவிவிட்டார். சட்டம் அதற்கு இடம் கொடுத்த காலம் அது. கூவிய பிறகுதான் துப்பாக்கியில் குண்டும் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து புத்தக அலமாரியைக் குடைந்தார். அந்தக் காலத்துக் கல் துப்பாக்கியில், விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்க வேண்டும். அந்தப் பொறி, பக்கத்துச் சின்னக் குழியிலிருக்கும் வெடிமருந்தில் விழுந்து பற்ற வேண்டும். மருந்து நனைந்தால் கதை முடிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் எந்தச் சட்டத்திலும் இவ்வளவு அழகான ஓட்டையை அவர் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து, வெயிலடித்தால் அவருக்கு வழக்கு இருந்தது. மேகமில்லாவிட்டால் மூட்டு வலித்தது. வானம் மூன்று நாள் விடாமல் பொத்துக்கொண்டு ஊற்றிய பிறகு, "நாளைக்கே முடிச்சுடலாம். இனிமே என்னால பொறுக்க முடியாது" என்று சீறினார்.

"அவன் என் தம்பிங்க" என்றாள் மனைவி, காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

"மானம்னு வந்துட்டா மச்சானாவது மண்ணாங்கட்டியாவது."

அவள் கடைசிப் பொத்தானைப் போடாமலே உள்ளே போய்விட்டாள்.

மைதானத்தில் துப்பாக்கிக்காரம்மா காத்திருந்தாள். ஊரில் துப்பாக்கி செப்பனிடுகிற ஒரே ஆள் அவள்தான். தோல் பையிலிருந்து இரண்டு துப்பாக்கிகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். "ரெண்டுக்கும் நானே மருந்து போட்டு, குழி மூடியோரம் மெழுகு வச்சிருக்கேன்."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "இந்த மழையில இதை நம்ப முடியுமாம்மா?"

"நம்ப முடியாதுங்க."

வக்கீல் காதில் தேன் பாய்ந்தது. "நம்பாம இருக்கவும் முடியாதுங்க" என்று அவள் முடிப்பதற்குள், துப்பாக்கியைத் தலைக்கு மேலே சுழற்றிக் கூட்டத்துக்கு வணக்கம் சொல்லப் போய்விட்டார். வாத்தியார் தன்னுடையதைக் கோட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றார்.

நடுவராக வந்த டாக்டர் பன்னிரண்டு தப்படி அளந்தார். "ஆளுக்கு ஒரு குண்டு. நான் மூணு எண்ணினதும் சுடணும். சவால் விட்டவர் முதல்ல."

வக்கீல் மச்சானின் நெஞ்சுக்கு நேராகக் குறி வைத்தார். கை இம்மியும் அசையவில்லை. வெடிக்காத துப்பாக்கியைப் பிடிக்க யாருக்குக் கை நடுங்கும்?

"மூணு" என்றார் டாக்டர். வக்கீல் இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் வேலியோரம் வரை கேட்டது. குழியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது.

அடுத்தது வாத்தியார் முறை. அவர் முகம் வெளுத்திருந்தது, நீட்டிய கை நடுங்கியது. வக்கீலோ சட்டையைத் திறந்து மார்பைக் காட்டினார். பார்க்க எடுப்பாக இருக்கட்டுமென்று கண்களையும் மூடிக்கொண்டார்.

"மூணு."

மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் கையைத் தாழ்த்தினார்.

"ரெண்டையும் மழை தின்னுடுச்சு" என்றார் டாக்டர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "ரெண்டு பேர் மானமும் பத்திரம். வீட்டுக்குப் போங்க."

ஊர் வக்கீலை மொய்த்துக்கொண்டது. "எமனைக் கண்ணுக்கு நேரா பார்த்துட்டா, அப்புறம் அவன்தான் நம்மளைப் பார்த்து ஒதுங்குவான்" என்று அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். எமனைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடியிருந்தது யாருக்கும் நினைவில்லை. நடுவில் மச்சானின் முதுகைத் தட்டி, "பொழச்சுப் போடா. உங்க அக்கா முகத்துக்காக மன்னிச்சேன்" என்றார். ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குண்டோட பைக்குள்ள வைக்க மாட்டேன், கொஞ்சம் நகருங்க" என்று துப்பாக்கிக்காரம்மா ஆட்களை விலக்கினாள். வக்கீலின் துப்பாக்கியைக் கவிழ்த்தாள். கூழாய் மருந்து கொட்டியது. வாத்தியாருடையதை வாங்கி, ஆளில்லாத மண்மேட்டுப் பக்கம் நீட்டி விசையை இழுத்தாள்.

மைதானம் அதிர்ந்தது. மேட்டிலிருந்து ஒரு கை சேறு பிய்ந்து பறந்தது.

வக்கீல் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தார். திறந்து கிடந்த சட்டையை இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டார்.

"இந்த மழையிலயும் வெடிக்குதே... அப்ப உன் கையில மட்டும் ஏன்டா வெடிக்கல?"

தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டே வாத்தியார் சொன்னார்:

"நான் இழுக்கவேயில்ல, அத்தான்."