ஈரம் படக்கூடாது

முதல் கட்டையில் முப்பத்தெட்டு காட்டியது.

அவன் ஈரம் பார்க்கும் மீட்டரைப் பிடுங்கி அடுத்த கட்டையில் குத்தினான். இரண்டு ஊசிகளும் சிரமமே இல்லாமல் இறங்கின. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் எண்ணைப் பார்த்தான்.

நாற்பத்தொன்று.

மயானக் கொட்டகையில் சனம் காத்திருந்தது. பாடையில் அவன் மனைவி கனி படுத்திருந்தாள். பிள்ளை பெற்ற வயிறு இன்னும் வற்றவில்லை. அதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

பச்சை உடம்பு, ஈரம் படக்கூடாது என்று பிள்ளை பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் சொன்னார்கள். அவன் அப்படியே கேட்டான். சாரல் அடிக்கிற ஜன்னலை அடைத்தான். தரையைக்கூடத் துடைக்க விடவில்லை.

இன்று காலையில் அவளைக் குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் வந்தபோது, வெந்நீர் வையுங்கள் என்றான்.

யாரும் மறுக்கவில்லை. யாரும் வைக்கவும் இல்லை.

செங்கோட்டை மரக்கடையில் அவனுக்கு இதுதான் வேலை. வருகிற மரத்தில் மீட்டரைக் குத்தி ஈரம் பார்ப்பது. காய்ந்ததை உள்ளே விடுவது, பச்சையைத் திருப்பி அனுப்புவது. கறாரான ஆள் என்று பெயர். லாரிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தால், குடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவான்.

குவியலின் மேல் வரிசை முழுவதையும் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது வேண்டாம். அடுத்த லோடு வரட்டும்."

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

விறகு அடுக்குகிறவர் தலையைச் சொறிந்தார்.

"சாரல் நேரத்துல காஞ்ச வெறகுக்கு எங்கய்யா போக? டீசல ஊத்திக்கிடலாம்."

அவன் குவியலுக்குள் இறங்கினான். அடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக் குத்தினான். இருபத்தாறு காட்டிய ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கடையில் என்றால் அதையும் தள்ளியிருப்பான்.

அவள் முதுகுக்கு நேராக வைக்கச் சொன்னான்.

வைத்தார்கள். மற்றதெல்லாம் பச்சை.

வானம் மறுபடி இருட்டியது. யாரோ அவன் கையிலிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டார்கள். கொள்ளியைக் கொடுத்தார்கள்.

முதுகைக் காட்டி நின்று வைத்தான்.

வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாமனார் அவன் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனார்.

"நடங்க மாப்ள. பாக்காதீங்க."

டீசல் குப்பென்று பிடித்த சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் அது அடங்கியது. பிறகு கட்டைகளின் முனையில் தண்ணீர் கொதித்துச் சீறியது. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அந்தக் கூட்டத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தண்ணீர் முழுக்கப் போனால்தான் மரம் எரியும். அதுவரை வேகும்.

கடவுளே, என்று மட்டும் வாயில் வந்தது.

மயான வாசலை நெருங்கும்போது மாமனார் திரும்பிப் பார்த்துவிட்டார்.

என்ன கண்டார் என்று அவன் கேட்கவில்லை. தோளில் கிடந்த கை அவனை முன்னால் தள்ள ஆரம்பித்தது.