தோளில் ஒரு கை

விளக்கை அணைத்திருக்கிறார்கள். ஸ்கேன் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும் சுவரில் அசைகிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் முழங்காலை மார்போடு மடக்கி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். "சத்தத்தை முதல்லயே கேட்டுக்கங்க, அப்புறம் திடுக்கிட மாட்டீங்க" என்று சொல்லி, புற்றுநோயா என்று பார்க்கச் சதை எடுக்கும் ஊசிக் கருவியை டாக்டர் வெறுங்காற்றில் ஒருமுறை சொடுக்குகிறார். டிரைவர் அசைந்துவிடாதிருக்க நர்ஸ் அவர் தோளில் கை வைக்கிறாள். "கூட யாரு வந்திருக்காங்க?" "யாருமில்லம்மா, நான்தான்." திரையில் புராஸ்டேட் சுரப்பியின் நிழலுக்குள் ஊசி வெள்ளைக் கோடாகப் பாய்கிறது. சொடுக்கு. நூலளவு சதை குப்பிக்குள் போகிறது. மறுபடி சொடுக்கு. அவர் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் அந்தக் கை சற்றே இறுகுகிறது. கையுறையை மீறியும் அதன் சூடு தோளில் படுகிறது. "அவ்வளவுதாங்க, எல்லாம் எடுத்தாச்சு" என்கிறார் டாக்டர். தோளிலிருந்து கை விலகுகிறது. டிரைவர் காலை நீட்டவில்லை. "நல்லாப் பாத்துக்கங்க டாக்டர்" என்கிறார் சுவரைப் பார்த்தபடி. "இன்னும் ஒண்ணு எடுக்கணுமோ என்னமோ."