செவனம்மாவின் எல்லை

கம்பம் பள்ளத்தாக்கை ஒயின் பிரதேசமாக அங்கீகரிக்கக் கேட்டுச் சுருளிநாதன் போட்ட மூன்றாவது மனு அது. இம்முறை ஒயின் வாரியத்தின் பேசும் சுவைக்கருவியே வீடு தேடி வந்து, அவர் வடித்த ஒயினை ஒரு மடக்கு உறிஞ்சிப் பார்த்தது.

“மண்ணின் சுவை எதுவும் இல்லை. ஆனால் உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் வாசம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டது.

சுருளிநாதன் மனைவியை முறைத்தார். “மஞ்சப் பூசுன காலோட திராட்சத் தொட்டியில எறங்காதன்னு எத்தன தடவ சொன்னேன், செவனம்மா!”

“வெளஞ்ச பழம் லச்சுமியில்ல, வெறுங்காலோட மிதிக்கச் சொல்றீகளா?”

“அங்கீகரிக்கிறோம்,” என்றது கருவி. “அந்த வாசம் பிறக்கும் இடத்தின் எல்லையை வரைந்து தாருங்கள்.”

சுருளிநாதன் சாக்குக்கட்டியோடு குனிந்து, அவள் பாதங்களைச் சுற்றிக் கோடு இழுத்தார்.

“கூசுதுங்க!”

கோடு ஓரிடத்தில் நெளிந்தது. அரசிதழில் அந்த நெளிவும் அப்படியே வந்தது.