ஓட்டோ கொடுத்த சேவல்

“இது பொது நிலம்யா! உங்கப்பா வாங்கிப் போட்டதா?” என்று கத்தினாள் ஜோலின்.

“நிலம் பொதுதான். ஆனா அந்த ஃபெசன்ட் காட்டுச்சேவலைச் சுட்டது நான்!” என்று எகிறினான் ஆர்விட்.

“நீயா? உன் குண்டு பக்கத்து ஸ்டேட்டு அயோவாவுல போய் விழுந்திருக்கும்!”

வெர்னா தலையில் கைவைத்துக்கொண்டாள். மனைவியை இழந்த தம்பி ஆர்விட்டை ஒருத்தி கையில் ஒப்படைத்துவிட்டு, அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் அவனையும் ஜோலினையும் இங்கே சந்திக்க வைத்ததும் அவள்தான்.

“அக்கா, இந்தம்மாவை எங்கேருந்து புடிச்ச?” என்றான் தம்பி.

அதற்குள் அவனுடைய நாய் ஓட்டோ, சேவலைக் கவ்விக்கொண்டு புல்லுக்குள்ளிருந்து வந்தது. தீனி வைக்கிற கையைத் தவிர வேறு யாரிடமும் அது பறவையைக் கொடுக்காது. போன வருஷம் பாதிரியார் கை நீட்டியதற்கே உறுமியது.

ஓட்டோ ஆர்விட்டைத் தாண்டிப் போய், ஜோலின் கையில் சேவலைக் கொடுத்தது. பிறகு அவளுடைய சட்டைப்பையையே பார்த்தபடி உட்கார்ந்தது. பழக்கதோஷம், அவளும் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துப் போட்டுவிட்டாள்.

“புதன்கிழமையானா ஓட்டோவையும் கூட்டிக்கிட்டு சர்ச் கூரையைச் சரிபண்ணப் போறேன்னியே தம்பி, அதுவும் ஏணி ஏறுச்சா?” என்றாள் வெர்னா.

ஆர்விட்டின் முகம் சிவந்து, அவன் வேட்டைக்குப் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையையே தோற்கடித்தது. “உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடுமேக்கா. அதான் சண்டை போடுற மாதிரி...”

கிறிஸ்துமஸுக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. வெர்னாவும் அரிசோனா போய்ச் சேர்ந்தாள். சேவலைச் சுட்டது யார் என்ற சண்டை மட்டும், இப்போது நிஜமாகவே நடக்கிறது.