உயர்ந்த மூன்று கைகள்

வரதனின் ஃபோர்க்லிஃப்டிலிருந்து சரிந்த கம்பிக்கட்டு ஆலை வாசல் சாலையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதுவும் சாமந்தி மாலை போட்ட மிலிட்டரி லாரிக்கு நேர் முன்னால், சாதனைதான். லாரிக்குள் தேசியக்கொடி போர்த்திய பெட்டி. ஆட்கள் கம்பிகளை இழுக்கும் கணகணப்பைத் தவிர வேறு சத்தமில்லை. வாசல் காவலர் மூவரும் தரைப்படை, கடற்படை, விமானப்படை என ஆளுக்கொரு படையின் முன்னாள் வீரர்கள். ‘சுபேதார் சாப்’, ‘சீஃப்’, ‘வாரண்ட் ஆபீசர்’ என்று அவரவர் படைப்படி கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வரதனோ மூவரையும் ‘தலைவரே’ என்று கூப்பிட்டுத் திட்டு வாங்குகிறவன். இப்போது மூவரும் வெயிலில் ஒரே வரிசையில், அவரவர் படை முறைப்படி சல்யூட் அடித்து விறைத்து நிற்கிறார்கள். சுபேதார் சடையப்பனின் உள்ளங்கை லாரியை நோக்கி விரிந்திருக்கிறது. கடற்படைக்காரரின் உள்ளங்கை தரை பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. விமானப்படைக்காரருடையது இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருக்கிறது. மூன்று கையிலும் அசைவில்லை. வரதன் சடையப்பன் பக்கத்தில் போய் நிற்கிறான்.

“சுபேதார் சாப், உள்ள இருக்கறது பெரிய ஆபீசரா? என் வேலைக்கு நானே உல வெச்சிக்கினேனா?”

பாதை திறக்கிறது. லாரி மெல்ல நகர்ந்து, எளாவூர்ப் பக்கம் திரும்பி மறைகிறது.

“இன்னா ரேங்க்கு சாப்?”

சடையப்பன் கையை இன்னும் இறக்கவில்லை.

“சிப்பாய், வரதா. அதுக்குக் கீழ எங்க பட்டாளத்துல ரேங்க்கே கெடையாது.”